கண்டிக் கடற்படை

அன்றைக்கு வள்ளத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி, பின்னாளில் எனக்குச் சம்பந்தியான மனிதர். நடுவில் அவருடைய ஒரே மகன், என் மகளைப் பெண் கேட்டிருந்த பிள்ளை. முன்பக்கம் இடது பலகையில் நான். வலது பலகையில் என் மனைவியின் தம்பி, கண்டியை அடுத்த ஹந்தானையில் ஆட்டோ ஓட்டுகிற மச்சான். கரையில் நின்றவர்கள் மூன்று பேர்: என் மனைவி, மகள், சம்பந்தியின் அக்கா. கணக்கு இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், வள்ளம் நகரும் முன்னால் சம்பந்தி எங்களை ஒவ்வொருவராகத் தோளில் தொட்டு எண்ணியதுதான். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணி, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு நாலு என்றார். சீமெந்து மூட்டை எண்ணுவது மாதிரி எண்ணுகிறாரே என்று மச்சான் என் காதில் முணுமுணுத்தான். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் எண்ணுகிற ஆள்தான்.

என் பயங்களை எழுதினால் ஒரு கொப்பி நிரம்பும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தவன் நான். இன்றைக்கும் அதே கடையில்தான் துணி அளந்து கிழிக்கிறேன். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கத் திரும்பவும் படியேறி, பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. இரண்டு நாள் விடாமல் பெய்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் வெடிப்பு ஏதும் தெரிகிறதா என்று குடையோடு போய்ப் பார்ப்பேன். மகளுக்குத் தாதி வேலை கிடைத்து, முதல் நியமனம் மன்னார்ப் பக்கம் என்று கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போய்ப் பார்த்தால், கடல் ஆஸ்பத்திரியின் பின்மதிலோடு கிடந்தது.

சம்பந்தமும் அந்த ஆஸ்பத்திரியில்தான் முளைத்தது. திருக்கை மீனின் முள் காலில் ஏறி வந்த ஒரு மீனவருக்கு என் மகள் பத்து நாள் காயம் கழுவிக் கட்டினாள். பத்தாம் நாள் அவர் துணைக்கு மகனைக் கூட்டி வந்தார். அப்பாவின் காயம் ஆறின பிறகும் மகன் எதற்கோ அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். கடைசியில் அப்பாவே தொலைபேசி எடுத்து, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், பெரியவர்கள் நாங்கள் பேசுவோம் என்று மரியாதையாகக் கேட்டார்.

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எங்கள் வழக்கம். போகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கக்கூசுக்குக் கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பார்கள். மனைவி அதையெல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டாள். நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு, வள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தால் போதாது, அது போகிற இடம்வரை நானும் போக வேண்டும் என்றேன்.

"மாப்பிள்ளை வீடு பார்க்க வந்துட்டு மாப்பிள்ளையோட வள்ளத்தப் பார்க்கணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் அத்தான்" என்றான் மச்சான்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மனது எப்போதோ முடிவாகிவிட்டது. என் சம்மதம்தான் பாக்கி. கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் போகிற ஒருவனுக்கு அவளைக் கொடுத்துவிட்டேன் என்று பின்னாளில் நான் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டி வருமா என்பது ஒன்றுதான் என் கேள்வி. அதைக் கூரையிலும் கிணற்றிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நான் நினைத்திருந்த மாதிரி அது திறந்த கடல் இல்லை. மூன்று பக்கமும் நிலம் வளைந்து, நான்காம் பக்கத்தில் ஒரு வாய் மட்டும் திறந்திருக்கும் குடா. வெகுதூரம் போன பிறகும் அடியில் பாசி தெரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த வள்ளங்களில், தண்ணீரில் மிதக்க வைக்கும் செம்மஞ்சள் அங்கியை மடித்துப் பலகையில் மெத்தையாகப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதைத் தான் முதலில் மாட்டிக்கொண்டு, பிறகு எங்களுக்கு மாட்டிவிட்டார். நங்கூரக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். போகும் வழியில் மச்சான் படம் எடுக்க எழுந்து நின்றபோது அவர் எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் சும்மா மிதந்தது. மச்சான் திரும்பிப் பார்த்து, வெட்கப்பட்டு உட்காரும்வரை காத்திருந்தார். "இருந்திட்டீரோ? சரி" என்று சொல்லி மறுபடி எஞ்சினை இழுத்தார்.

குடாவின் நடுவில் நங்கூரம் போட்டுத் தூண்டில் விட்டோம். மீன் நன்றாகவே கடித்தது. மச்சானே இரண்டு ஓரா மீன் பிடித்துவிட்டான். நான் தூண்டிலைப் பிடிக்கவில்லை. சற்றுத் தள்ளி மண்ணில் ஊன்றியிருந்த ஒரு கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஈரம் காயாத பகுதி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்தது. ஒரு சாண் அளவு வந்ததும் எனக்கு அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. "தண்ணி இறங்குதுங்க. இனிப் பயமில்ல" என்றேன்.

மகன் சட்டைக் கொலருக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். நான் சொன்னதில் பிழை எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மகாவலி. அது பாலத்துத் தூணில் ஏறும்போதுதான் நாங்கள் உடுப்புகளை மூட்டை கட்டுவோம். இறங்கத் தொடங்கினால் மூட்டையை அவிழ்த்துவிட்டு அடுப்பு மூட்டுவோம். இறங்குகிற தண்ணீர் யாரையும் கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பா சிரிக்கவில்லை. "இல்லை சம்பந்தி, எங்களுக்குப் பயம் இனித்தான்" என்றார். கையை நீட்டிக் குடாவின் வாயைக் காட்டினார். "கடல் இறங்குற வத்துத் தண்ணி முழுக்க அதாலதான் வெளிய ஓடும். காத்து வெளிய இருந்து உள்ள தள்ளுது. ரெண்டும் வாயில முட்டினா அங்க தண்ணி எழும்பி நிக்கும். இந்த நேரம் எஞ்சின் நிண்டுதெண்டா, எங்களை அங்கதான் கொண்டுபோய் விடும்." நான் சம்மதம் சொல்வதற்கு முன்னாலேயே என்னைச் சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது அங்கேதான். அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. எஞ்சின் நின்றால் என்ற சொல்லிலேயே மனது நின்றுவிட்டது.

மீன் இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. அவர் கம்பை ஒரு தடவை பார்த்தார், தூண்டிலைச் சுற்றினார். இன்னும் அரை மணித்தியாலம் நிற்கலாமே என்று மச்சான் கெஞ்சினான். மகன் முழங்காலில் நின்றபடியே நங்கூரத்தை இழுக்கத் தொடங்கினான். மீன் கடிக்கும்போது திரும்புகிற அப்பா, மறுபேச்சுப் பேசாத மகன். என் வயிற்றுக்குள் கிடந்த கல்லில் பாதி அங்கே கரைந்தது.

மீதிப் பாதியைச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே எடுத்து வைத்தேன். இவர்கள் இரண்டு பேரும் கடலில் இருக்கும்போது, நேரம் பிந்தினால் கரையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அக்கா குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா மெல்லச் சொன்னார். தன் மனைவி இருந்தவரை வேலியடியில் வந்து நின்று பார்ப்பாராம். அவர் இறந்து ஐந்து வருடம். அக்காவுக்குக் கண் புகைமூட்டம், தூரத்தில் தெரியாது. ஊர்ச் சனத்துக்கோ கடல் பழகிப் பழகி, பயப்பட மறந்து போய்விட்டது. "வள்ளத்துக்கு எஞ்சின் மாதிரி, பயப்பிடுற ஆள் ஒண்டும் தேவை" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "நீங்கள் இருங்கோவன்."

"அந்த வேலைக்கு இவரைவிட நல்ல ஆளு இலங்கையிலேயே கிடைக்காதுங்க. சம்பளத்த மட்டும் பேசிக்குங்க" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்படித்தான் கண்டியில் இருந்துகொண்டு மன்னார்ப் பக்கத்து வள்ளம் ஒன்றுக்கு நான் காவல்காரனானேன். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து ஒழுங்கு தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் சம்பந்தி தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக்குக் குடாவில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குக் கரை என்று சொல்வார். கடல் இறங்குகிற வற்று ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்தும் என்பதால் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். நான் அதைச் சமையலறைக் கலண்டரில் குறித்துக்கொள்வேன். வள்ளம் புறப்படும்போது ஒரு மிஸ்ட் கோல், கரைக்கு வந்ததும் இரண்டு. சொன்ன நேரத்துக்கு இரண்டும் வராவிட்டால், அந்த ஊர் மீனவர் சங்கத் தலைவருக்கு நான் சொல்ல வேண்டும். அவர் வள்ளம் விட்டுத் தேடுவார். "நான் சொல்லுறது கடைசி நேரம்" என்று சம்பந்தி முதல் நாளே சொல்லியிருந்தார். "அதுக்கு முதல் பயப்பிடாதையுங்கோ. அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் பொறுக்காதையுங்கோ."

முதல் பாதி எனக்குக் கைவரவில்லை. ஆரம்பித்த இரண்டாம் கிழமையே, சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது தலைவருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டேன். தேடிப் போனவர்கள், அடுத்த இறங்குதுறையில் மீன் விற்றுக்கொண்டு நின்ற அப்பாவையும் மகனையும் கண்டு திரும்பி வந்தார்கள். இரண்டாவது தடவை செய்தது அதைவிட மோசம். கடைக்கு எதிரே வாகனமே தெரியாத அளவுக்கு மழை கொட்டியது. இடி, காற்று, குடைகள் மடங்கிப் பறந்தன. இந்த மழைக்கு அந்தச் சின்ன வள்ளம் என்ன ஆகும் என்று நினைத்ததும் என் கை தானாகப் போனை எடுத்தது. பதினொரு மணிக்குக் கரை. நான் எடுத்தது ஒன்பதுக்கு. கண்டியில் அந்தப் பருவத்தில் கொட்டுகிற மழை அந்தக் கரையில் துளிகூட விழாது என்பது எனக்குத் தெரியாது. வெளிவாய்வரை போய்த் தேடியவர்கள், பீங்கான் மாதிரிக் கிடந்த தண்ணீரில், கொதிக்கிற வெயிலில் மாட்டிய தொப்பியோடு தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சம்பந்தியைக் கண்டார்கள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் என் பெயர் கண்டிக் கடற்படை. சந்தையில் மீன் வாங்கப் போன என் மகளிடமே ஒருவர், கடற்படை இண்டைக்கு என்ன சொல்லுது தங்கச்சி, வலையைக் காய விடலாமோ என்று கேட்டிருக்கிறார். அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தம் போடவில்லை. "அப்பா, எனக்கு இங்க தலை நிமிர்ந்து நடக்க முடியல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கப்பா" என்றாள். மச்சான் எந்தக் கேலி செய்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மகளின் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சம்பந்தி மட்டும் இரண்டு தடவையும் வழக்கம் போல மாலையில் கூப்பிட்டு, நாளைக்கு எந்தப் பக்கம், எத்தனை மணி என்று சொன்னார். நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு நான் பொறுக்கப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் எந்தப் பிழையும் நடக்கவில்லை.

அன்றைக்குக் கரை நேரம் பதினொரு மணி. அலவத்துகொடயிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தது. மணப்பெண்ணின் உம்மாவுக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை. நான் புடவை புடவையாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று அடித்தது. போன் சும்மா கிடந்தது. சார்ஜ் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மீன் நிறையப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்ற மகளின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினொன்று பத்து. பதினொன்று பதினைந்து. விரித்த புடவையை மடிக்க மறந்து அடுத்ததை அதன் மேலேயே விரித்திருக்கிறேன். அந்த உம்மா புடவையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். "அண்ணே, வந்த நேரத்திலேந்து அந்தப் போனத்தான் பாக்கிறீங்க. எடுத்துப் பேசுங்க. புடவ எங்கயும் ஓடாது" என்றார்.

எடுத்தேன். மணி பதினொன்று இருபது.

சங்கத் தலைவர் என் குரலைக் கேட்டதும், "என்ன ஐயா, கண்டியில மழையோ?" என்றார்.

"இல்லைங்க. சொன்ன நேரம் தாண்டிருச்சு" என்றேன்.

அவர் உடனே கரையில் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அந்தக் குடும்பம் இளஞ்சிவப்பில் ஒன்று எடுத்துப் போனதாக முதலாளி பிற்பாடு சொன்னார்.

நடந்தது இதுதான். திரும்பி வரும்போது, தண்ணீருக்கடியில் கிடந்த பழைய வலைத் துண்டு எஞ்சினின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. மருமகன் குனிந்து அதை வெட்ட வெட்ட, வற்று அவர்களை வாயை நோக்கி இழுத்தது. போன் வேலை செய்யாத இடம். சம்பந்தி நங்கூரத்தைப் போட்டார். பிடித்தது, பிறகு சேற்றில் உழுதுகொண்டு நகர்ந்தது. இரண்டாவது நங்கூரத்தையும் போட்டார். அதன் கயிறு கல்லில் உரசி மூன்று புரியில் இரண்டு அறுந்த நிலையில் நின்றபோதுதான் தேடி வந்த வள்ளம் அவர்களைக் கண்டது. அதிலிருந்து வாயின் எழும்புகிற தண்ணீர் கல்லெறி தூரம். இரண்டு பேரும் செம்மஞ்சள் அங்கியோடு, வள்ளத்தின் அடியில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்களாம்.

மாலையில் சம்பந்தி வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டார். நான் அழுவதற்குத் தயாராக இருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை, தேற்றவும் இல்லை.

"சம்பந்தி, முதல் ரெண்டு தரமும் பிழையா எடுத்தியள். நான் ஏதும் சொன்னனானோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"இண்டைக்குச் சரியா எடுத்தியள். ஆனா இருவது நிமிசம் பிந்தி. அதைத்தான் சொல்லுறன். ஊர் சிரிச்சாச் சிரிக்கட்டும். நீங்கள் வெக்கப்பட்டா நாங்கள் வாறதுக்கு வழியில்லை." பிறகு, "நாளைக்குப் போகேல்லை. கயிறு வாங்கோணும். நாளண்டைக்குக் கண்ணாக் காட்டுப் பக்கம், பன்ரண்டரை" என்றார்.

நான் கலண்டரில் பன்னிரண்டரை என்று குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அவர் கடலுக்குப் போனார். சொன்ன நேரம் தாண்டி ஒரு நிமிடம்கூட நான் பொறுத்ததில்லை. அந்த நேரத்துக்கு முன்னால் எடுத்ததும் இல்லை. ஒரே ஒரு தடவை கண்டிக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். வாவிக்கரையைச் சுற்றிக் காட்டினேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "வத்தும் இல்லை, பெருக்கும் இல்லை. இந்தத் தண்ணிக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நீங்கள் எப்பிடிப் பயப்பிடப் பழகினியள்?" என்று கேட்டார். சீனி வியாதி முற்றிச் சிறுநீரகம் பழுதாகி, போன வருடம் அவர் இறந்தார். கட்டிலில், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு. கடல் அவரைத் தொடவில்லை. மருமகன் இப்போது இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு போகிறான். மாலையில் அவன் கூப்பிடுகிறான்; அப்பாவைப் போலவே, இடத்தை முதலில் சொல்லி நேரத்தைப் பிறகு சொல்கிறான்.

சம்பந்தியின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது, சாப்பாடு முடிந்து பந்தலில் சங்கத் தலைவரோடு உட்கார்ந்திருந்தேன். பழைய கதைகள் வந்தன. கண்டிக் கடற்படையும் வந்தது. சிரித்துக்கொண்டே அவர், அந்த எண்ணெய்க் காசை உங்கட சம்பந்தி அடுத்த நாள் காலமையே கொண்டுவந்து தந்திடுவார் என்றார். எந்த எண்ணெய்க் காசு என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதோ என்று அவர்தான் திகைத்தார். அந்தச் சங்கத்தில் அது எழுதாத சட்டமாம். ஆபத்து உண்மையென்றால் தேடிப் போன வள்ளத்துக்கு யாரும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. சும்மா தேட வைத்தால், தேடச் சொன்னவன் எஞ்சினுக்கு ஊற்றின எண்ணெய்க் காசைக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் சம்பந்தி காசைக் கொண்டுபோய், கண்டியிலிருந்து சம்பந்தி அனுப்பினவர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் தயங்கிவிடக் கூடாது என்று எனக்கு மட்டும் அந்தச் சட்டத்தைச் சொல்லவில்லை.

தலைவரிடம் கொடுக்கப் போனேன். தனக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்று கையை மடக்கிக்கொண்டார். மருமகனிடம் நீட்டினேன்; அது உங்களுக்கும் அப்பாவுக்கும் உள்ள கணக்கு மாமா, நான் தொட மாட்டன் என்றான். முதல் தடவைக்கு மூவாயிரத்து இருநூறு, கண்டி மழைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. ஆக, சம்பந்திக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்.